கேப்ஷன் எழுதும் வேலை நிலைக்குமா? சென்னிமலையிலிருந்து ஓர் அப்பாவின் கேள்வி

வணக்கம்ங்க. ஆங்கில இலக்கியம் முடித்த பாப்பா, கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் பார்த்துப் படிக்கும் மின்கற்றல் பாடங்களுக்கு கேப்ஷன் (பேசுவதைத் திரையின் அடியில் எழுத்தாகக் காட்டுவது) எழுதும் வேலைக்குத்தான் போவேன் என்று நிற்கிறாள், குரூப் 4-க்குப் படிக்கச் சொன்னால் காதில் வாங்குவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். "டைப் அடிக்கிற வேலைதானுங்களே, நாளைக்கு அதையும் மெஷினே பண்ணிடாதா?" என்பது உங்கள் பயம்.

பயத்தில் நியாயம் இருக்கிறது. காதில் விழுவதை அப்படியே டைப் அடிப்பதை மெஷின் இப்போதே செய்துவிடுகிறது. அதை மட்டும் நம்பிப் போவதாக இருந்தால் வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். மெஷின் எழுதித் தந்ததில் தப்பைக் கண்டுபிடித்து, பாடம் புரியும்படி ஆக்கித் தருகிற ஆளாக அவள் வளர்ந்தால், தாராளமாக அனுப்பலாம்.

சாயப்பட்டறைப் பயிற்சி ஆடியோ ஒன்றில் பேசுகிறவர் 'ஃபிஃப்டீன்' என்கிறார், கேப்ஷனில் 50 என்று விழுகிறது என்று வையுங்கள். தறிக்கு நூல் வாங்குகிற உங்களுக்கு அதன் விளைவை நான் சொல்ல வேண்டியதில்லை. வேளாண் பாடத்தில் 'களை எடுங்கள்' என்பது 'கலை எடுங்கள்' ஆகிவிடும். 'தொடக் கூடாது' என்பதில் கடைசிச் சொல் விடுபட்டுவிட்டால் ஆபத்தே வந்துவிடும். இதையெல்லாம் பிடிக்க மொழியும் வேண்டும், பாடத்தில் கொஞ்சம் பிடிப்பும் வேண்டும். பாப்பா தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். ஜவுளிப் பாடம் கைக்கு வந்தால், வெளியூர்க்காரருக்குத் தெரியாத பாவும் ஊடையும் அவளுக்குத் தெரியும்.

இது யாருக்கு வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். முதலில், காது கேளாத பிள்ளைகளுக்கு. கேப்ஷன் இல்லாத பாடம் அவர்களுக்கு வாயசைப்பு மட்டும்தான். அப்புறம், மில்லின் இரைச்சலுக்கு நடுவே செல்போனில் பயிற்சி வீடியோ பார்க்கிற தொழிலாளிக்கு. தமிழ் வழியில் படித்துவிட்டு கல்லூரியில் ஆங்கில விரிவுரையோடு மல்லுக்கட்டுகிற முதலாமாண்டு மாணவனுக்கும்தான்.

சட்டமும் இருக்கிறது. நம் நாட்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மின்னணு ஊடகங்களில் கேப்ஷன் வசதி கிடைக்க வேண்டும் என்கிறது. 2015-ல் அமெரிக்காவின் காது கேளாதோர் தேசியச் சங்கம், ஆன்லைன் பாடங்களில் கேப்ஷன் இல்லை, இருப்பதும் சரியில்லை என்று ஹார்வர்டு, எம்ஐடி இரண்டின் மீதும் வழக்குப் போட்டது. ஹார்வர்டு 2019-லும் எம்ஐடி 2020-லும் சமரசத்துக்கு வந்தன. வெளிநாட்டுக்குப் பாடம் செய்துதரும் கம்பெனிகள் இதைப் பிற்சேர்க்கையாகப் பார்க்க முடியாது. மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்த வழிசெய்யும் அணுகல்தன்மை விதிகளான டபிள்யூகேக்கில் (WCAG), பதிவுசெய்த வீடியோவுக்கு கேப்ஷன் என்பது அடிப்படை நிலையிலேயே வந்துவிடுகிறது.

வேலை எப்படி இருக்கும் என்று கிட்டத்தில் பாருங்கள். எஸ்ஆர்டி என்ற சாதாரண எழுத்துக் கோப்பு. முதல் வரியில் எண். அடுத்த வரியில் 00:01:12,400 --> 00:01:15,900 என்று தொடங்கும் நேரமும் முடியும் நேரமும். அதன் கீழே பேசிய வாசகம். பொதுவாக இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது, ஒரு வரி 40 எழுத்தை ஒட்டி இருந்தால் நல்லது, கண் படித்து முடிக்கும்வரை திரையில் நிற்க வேண்டும். வரியை எங்கே உடைப்பது என்பதில்தான் கைத்திறன் தெரியும். 'மோட்டாரை நிறுத்திய / பிறகு மூடியைத் திறக்கவும்' என்று உடைத்தால் தடுக்கும். 'மோட்டாரை நிறுத்திய பிறகு / மூடியைத் திறக்கவும்' என்றால் ஒரே பார்வையில் புரியும். பேச்சு மட்டும் போதாது. [எச்சரிக்கை மணி ஒலிக்கிறது] என்றும் எழுத வேண்டும், அந்த மணிதான் அங்கே பாடமே. தமிழ்க் கோப்பை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் சேமிக்காவிட்டால் எழுத்து கட்டம் கட்டமாகிவிடலாம்.

மின்கற்றலில் இன்னொரு தொல்லை உண்டு. ஆர்ட்டிகுலேட் ஸ்டோரிலைன் போன்ற மென்பொருளில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தனித்தனி ஆடியோ இருக்கும். ஒரு வாக்கியத்தை மாற்றிப் பதிவு செய்தால் அந்த ஸ்லைடின் நேரக் கணக்கு முழுவதும் நகர்ந்துவிடும். அதோடு, சில இடத்தில் கேப்ஷன் போய் ஸ்லைடின் அடியில் இருக்கும் எழுத்தை மறைக்கும். இவற்றைப் பொறுமையாகச் சரிசெய்கிற ஆளை டீம் லீடர்கள் கைவிடமாட்டார்கள்.

சம்பளத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். நிமிடக் கணக்கில் கூலி தரும் வேலையில் பெரிதாக ஒன்றும் நிற்காது. அதை ஓராண்டுப் பழக்கமாக எடுத்துக்கொண்டு, பாட எழுத்து, தரச் சோதனை, அணுகல்தன்மைச் சோதனை என்று நகர வேண்டும். கோவையில் மின்கற்றல் பாடம் தயாரிக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. சென்னிமலையிலிருந்து போய்வரத் தூரம்தான், ஹாஸ்டல் பார்க்க வேண்டியிருக்கும். டெபாசிட் கட்டினால் வீட்டிலிருந்தே கேப்ஷன் வேலை என்று யாராவது போன் செய்தால் பேச்சையே நிறுத்திவிடுங்கள். வேலை கொடுக்கிறவர் உங்களிடம் பணம் கேட்கமாட்டார்.

குரூப் 4-ஐயும் விட வேண்டாம். காலையில் அதற்குப் படிக்கட்டும், சாயங்காலம் இரண்டு மணி நேரம் இதைப் பழகட்டும். தமிழ்99 விசைப்பலகையில் கை ஓட வேண்டும். சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருள் இலவசம், வீட்டுக் கம்ப்யூட்டரே போதும். உங்கள் தறி ஓடுவதைச் செல்போனில் படம் எடுத்து, நீங்களே பேசி விளக்குங்கள். அந்த ஐந்து நிமிடத்துக்கு அவள் தமிழிலும் ஆங்கிலத்திலும் கேப்ஷன் போடட்டும். இன்டர்வியூவில் சான்றிதழைவிட அது அதிகம் பேசும். முடித்ததும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், வரி வரியாகத் திருத்தித் தருகிறேன்.