ஹாமண்ட் ஆர்கன்: அடையாளமும் பழுதுபார்ப்பும் (கேள்வி பதில்)

கேள்வி: டொராண்டோவில் மூடப்பட்ட ஒரு தேவாலயத்திலிருந்து பழைய ஹாமண்ட் ஆர்கன் (மின்மோட்டார் சுழற்றும் பற்சக்கரங்களிலிருந்து ஒலி எழுப்பும் விசைப்பலகைக் கருவி) ஒன்றை வாங்கினேன். பெயர்த் தகடு இல்லை. இது பி-3 என்ற மாதிரிதானா?

பதில்: முதலில் விசைகளை எண்ணுங்கள். இரு விசைப்பலகைகளிலும் 61 விசைகளும், அவற்றின் இடக்கோடியில் கறுப்பும் வெள்ளையும் இடம் மாறிய 12 விசைகளும் இருந்தால் அது கன்சோல் வகை; 44 விசைகளே இருந்து, மேல் பலகையும் கீழ்ப் பலகையும் ஒன்றுக்கொன்று விலகி நின்றால் எம்-3 போன்ற ஸ்பினெட் வகை. கன்சோலின் மேல்பகுதியில் வலப்புறம் பெர்கஷனுக்கு (சுரத்தின் தொடக்கத்தில் தட்டுவது போல் எழும் ஒலிக்கு) உரிய நான்கு ஸ்விட்சுகள் இருக்கின்றனவா என்று அடுத்துப் பாருங்கள். இருந்தால், கடைசல் கால்கள் நான்கின் மேல் நிற்பது பி-3, மரப்பலகைகளால் மூடப்பட்டது சி-3, தனக்குள்ளேயே ஒலிபெருக்கி கொண்டது பெரும்பாலும் ஏ-100. உள்ளே இருக்கும் இயந்திரம் மூன்றுக்கும் ஏறத்தாழ ஒன்றே என்பதால், வெறும் கால்களுக்காக மக்கள் அவ்வளவு கூடுதல் விலை கொடுப்பது எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை.

கேள்வி: 'ரன்' ஸ்விட்சைப் போட்டால் மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்கிறது. மோட்டார் எரிந்துவிட்டதா?

பதில்: அநேகமாக இல்லை. ஓட்டத்தைக் காக்கும் மோட்டார் தானாகப் புறப்படாது. அதைச் சுழற்றிவிடத் தனியாக ஒரு மோட்டார் உண்டு. 'ஸ்டார்ட்' ஸ்விட்சை 8 விநாடி பிடித்திருந்து, அதை விடாமலே 'ரன்' ஸ்விட்சைப் போட்டு, மேலும் 4 விநாடி கழித்து முதலாவதை விடுங்கள். அதன் பிறகும் சுழலாவிட்டால் அநேகமாகத் தாங்கிகள் (பேரிங்குகள்) வறண்டிருக்கின்றன என்று பொருள். ஒலி தரும் சக்கரங்கள் அடங்கிய ஜெனரேட்டரின் மேலுள்ள குழிகளில் ஊற்றும் எண்ணெய், நூல் இழைகள் வழியாகவே ஒவ்வொரு தாங்கிக்கும் ஊறிச் செல்கிறது. ஆண்டுக்கணக்கில் கிடந்த கருவியில் இதற்கு வாரங்களும் ஆகலாம். இந்தக் கருவிக்கென்று விற்கப்படும் எண்ணெயை மட்டுமே ஊற்றுங்கள். டபிள்யூ.டி.-40 என்னும் துருநீக்கித் தெளிப்பை உள்ளே தெளிக்காதீர்கள். அது இருக்கிற எண்ணெயைக் கரைத்துவிட்டுத் தானும் ஆவியாகி, பிசுக்கை மட்டும் விட்டுச் செல்லும்.

கேள்வி: அமெரிக்காவில் வாங்கியதைச் சென்னைக்குக் கொண்டுவந்தால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் போதுமா?

பதில்: போதாது. டிரான்ஸ்ஃபார்மர் 230 வோல்ட்டை 115 ஆக்கும். மின்சாரத்தின் அதிர்வெண்ணை 50 ஹெர்ட்சிலிருந்து 60 ஆக்காது. மோட்டாரின் வேகம் அந்த அதிர்வெண்ணைப் பொறுத்தது; அமெரிக்காவில் அது விநாடிக்கு 20 முறை சுழல்கிறது. 88க்கு 64 என்ற பற்சக்கர விகிதத்தில் அது 27.5 ஆகி, 16 பற்கள் கொண்ட சக்கரத்தின் வழியே மிகச் சரியாக 440 ஹெர்ட்ஸ் பிறக்கிறது. நம் மின்சாரத்தில் அதே சுரம் 367 ஹெர்ட்சுக்கு இறங்கும், அதாவது கருவி முழுவதும் ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் தாழ்ந்துவிடும். இதைச் சரிசெய்ய எந்தத் திருகும் கிடையாது. நல்ல சைன் அலை தரும் அதிர்வெண் மாற்றி வேண்டும், அல்லது 50 ஹெர்ட்சுக்கென்றே செய்யப்பட்ட கருவியைத் தேட வேண்டும்.

கேள்வி: பி-3இல் பெர்கஷன் ஒலிக்கவே இல்லை.

பதில்: மேல் பலகையின் இடக்கோடியில் உள்ள, நிறம் இடம் மாறிய விசைகளுள் 'பி' சுரத்துக்கு உரிய விசையை அழுத்துங்கள்.

கேள்வி: 1958ஆம் ஆண்டுக் கருவியில் உச்சச் சுரங்கள் மங்கிவிட்டன. மெழுகு கெப்பாசிட்டர்கள் அனைத்தையும் மாற்றலாமா?

பதில்: காதுக்கு மங்கலாகப் பட்டு, அளவுமானியால் அளந்தும் அது உறுதியானால் மாற்றலாம். 49ஆம் சுரம் முதல் 91 வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருளும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்ந்த வடிகட்டி உண்டு. மெழுகுத்தாள் வகை காலப்போக்கில் தன் அளவிலிருந்து விலக, வடிகட்டியின் இசைவும் விலகிச் சுரம் வலுவிழக்கிறது. கெப்பாசிட்டரின் அளவு 54ஆம் சுரம் வரை 0.255, அதற்கு மேல் 0.105 மைக்ரோஃபாரட்; கடையில் கிடைக்கும் 0.1ஐ அப்படியே போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இதை நான் மறுக்கிறேன். மெழுகுதான் அந்தக் கருவியின் இனிமை. மாற்றிய பின் காது கூசியதை நானே கேட்டிருக்கிறேன்.

பதில்: நீங்கள் கேட்டது உண்மையாக இருக்கலாம், காரணம் வேறு. 1960களின் நடுவில் தொழிற்சாலையே மெழுகைக் கைவிட்டு மைலார் (பிளாஸ்டிக் படலம்) வகைக்கு மாறியது. 1958இல் வெளிவந்த கருவியும் அன்று மங்கலாக ஒலிக்கவில்லை. ஆனால் இடையில் யாரோ ஒருவர், மங்கலை ஈடுகட்ட, சக்கரங்களிலிருந்து ஒலியை எடுக்கும் காந்தக் கம்பிகளை அவற்றுக்கு இன்னும் அருகே நகர்த்தியிருப்பார். அதன் மேல் புதிய கெப்பாசிட்டரும் சேர்ந்தால் கூசாமல் என்ன செய்யும்?

கேள்வி: அப்படியானால் காந்தங்களையே நகர்த்திச் சமன் செய்துவிடலாமே?

பதில்: மயிரிழை நகர்ந்தாலே ஒலியளவு மாறும், கம்பி சக்கரத்தைத் தொட்டால் பல் சிதையும். எனவே அது கடைசி வழி. எல்லாச் சுரங்களும் ஒரே சீராக மங்கியிருந்து, உங்களுக்கும் அது பிடித்திருந்தால், எதையும் தொடாதீர்கள். இந்த வாதத்தை இத்துடன் நிறுத்துவோம்.

கேள்வி: ஆர்கனுடன் இணைக்கும் சுழல் ஒலிபெருக்கிகளுள், லெஸ்லி 122க்கான இணைப்பில் லெஸ்லி 147ஐச் செருகலாமா?

பதில்: கூடாது. ஆறு முனைச் செருகி ஒன்றுபோல் தோன்றினாலும் உள்ளிணைப்பு வேறு.

கேள்வி: டபிள்யூ.டி.-40 கொஞ்சமாகத் தெளித்தால்?

பதில்: கொஞ்சமாகவும் கூடாது.

கேள்வி: இதைப் படிக்கும் முன்பே தெளித்துவிட்டேன். இப்போது சக்கரங்கள் அசையவில்லை.

பதில்: மின்சாரத்தைத் துண்டியுங்கள். 'ஸ்டார்ட்' ஸ்விட்சைப் பிடித்துக்கொண்டே இருந்தால் அந்த மோட்டாரும் எரிந்துவிடும். முறையான எண்ணெயை ஊற்றி இரண்டு வாரம் விட்டுவிட்டு, தண்டைக் கையால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் மறுபடியும் எண்ணெய், மறுபடியும் காத்திருப்பு. அசையாவிட்டால் ஜெனரேட்டரையே வெளியே எடுக்க வேண்டியிருக்கும். அதை இதில் பழகிய தொழில்நுட்பரிடம் விடுங்கள்.