பிரேக் அடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறதா? புது டிஸ்க் வாங்காதீர்கள், ஹப்பைப் பாருங்கள்

கேள்வி: கடலூர் முதுநகரில் இருந்து தினமும் விடியற்காலை பிக்கப்பில் மீன் லோடு ஏற்றிக்கொண்டு பண்ருட்டி, நெய்வேலி போய்வருகிறேன். 60-க்கு மேல் போகும்போது பிரேக் அடித்தால் ஸ்டீயரிங் கையில் நிற்காமல் உதறுகிறது. நான்கு மாதத்துக்கு முன் முன்பக்க டிஸ்க், பேட் இரண்டையும் புதுசாக மாற்றினேன். இரண்டு மாதம் நன்றாக இருந்தது, பிறகு பழைய கதைதான். இப்போது டிஸ்க்கோடு காலிப்பரையும் மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றட்டுமா ஐயா?

பதில்: வேண்டாம். இப்போதைக்கு ஒரு சாமானும் வாங்காதீர்கள்.

ஸ்டீயரிங் உதறுவதால் கோளாறு முன் சக்கரத்தில்தான். பின் சக்கரத்தின் பிரேக் டிரம் கோணியிருந்தால் உதறல் சீட்டிலும் பெடலிலும் தெரியும். பிரேக் அடிக்காமலே உதறினால் அது டயர், வீல் பேலன்ஸிங் சமாசாரம். உங்களுக்கு அது இல்லை.

நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ‘இரண்டு மாதம் நன்றாக இருந்தது’ என்ற வரி. போட்ட அன்றே உதறியிருந்தால் டிஸ்க் மட்டமான சரக்கு என்று சொல்லலாம். நன்றாக ஓடி, சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்துத் திரும்ப வருகிறது என்றால், டிஸ்க் உட்காரும் இடம் சரியில்லை.

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டு. பிரேக் அடித்தால் காலிப்பர் இரண்டு பக்கமும் பேடை அழுத்தி அதைப் பிடிக்கும். அந்த டிஸ்க், சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதியான ஹப்பின் முகத்தில் படிந்து உட்கார வேண்டும். அங்கே ஒரு பக்கம் துருப் பொருக்கு இருந்தால் டிஸ்க் இம்மியளவு சாய்ந்து உட்காரும். ஹப் முகம் சின்னது, டிஸ்க் பெரியது. நடுவில் இருக்கிற சாய்வு விளிம்புக்கு வரும்போது இரண்டு மடங்காகிவிடும். 60-இல் போகும்போது சக்கரம் நொடிக்கு ஏழெட்டு சுற்று சுற்றுகிறது. நீங்கள் பிரேக்கில் காலே வைக்காவிட்டாலும், ஒவ்வொரு சுற்றிலும் டிஸ்க்கின் துருத்திய இடம் பேடில் உரசிக்கொண்டே போகும். அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலியும். அப்புறம் பிரேக் அடித்தால் தடிப்பான இடத்தில் பிடிக்கும், மெலிந்த இடத்தில் விடும். அதுதான் உதறல். இதற்கு 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே போதும், தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை. ‘டிஸ்க் வளைஞ்சுபோச்சு’ என்று பட்டறையில் சொல்வது பெரும்பாலும் வளைவே இல்லை, இந்தத் தேய்மானம்தான்.

உங்கள் வண்டிக்கு இது வருவதில் ஆச்சரியமில்லை. உப்புத்தண்ணீர் தேங்கிய தரையில் நின்று லோடு ஏற்றுகிறீர்கள். முன்னால் போகிற மீன் வண்டி ஒழுகவிட்ட ஐஸ் தண்ணீர் உங்கள் சக்கரத்தில் தெறிக்கிறது. என்னிடம் வந்த ஒரு மீன் வண்டிக்கு, ஒரே வருடத்தில் மூன்று ஜோடி டிஸ்க் மாற்றியிருந்தார்கள். கழற்றிப் பார்த்தால் ஹப் முகத்தில் போல்ட் ஓட்டையைச் சுற்றி சோற்றுப் பருக்கை மாதிரி துரு. மூன்று தடவையும் அதன் மேலேயே புது டிஸ்க்கை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். வயர் பிரஷ்ஷும் உப்புத்தாளும் வைத்து அரை மணி நேரம் தேய்க்க ஆள் இல்லை, டிஸ்க் வாங்க மட்டும் காசு இருந்திருக்கிறது. எனக்கு வயிறெரிந்தது.

ஆகவே டிஸ்க்கைக் கழற்றி ஹப் முகத்தையும் டிஸ்க்கின் உள்முகத்தையும் பளிச்சென்று தேய்க்கச் சொல்லுங்கள். சில பிக்கப்பில் ஹப்போடு சேர்ந்துதான் டிஸ்க் வரும். அப்படியானால் பேரிங்குக்குப் புது கிரீஸ் வைத்து, ஆட்டம் இல்லாமல் செட் செய்ய வேண்டும். மாட்டிய பிறகு டயல் கேஜ் (இம்மியளவு ஆட்டத்தையும் முள்ளில் காட்டுகிற அளவுக் கருவி) வைத்து, டிஸ்க்கைச் சுற்றிப் பார்க்கட்டும். டிஸ்க்கின் ஆட்டம் 0.1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், 0.05-க்குள் வந்தால் நிம்மதி. ‘டயல் கேஜா, அதெல்லாம் எதுக்கு?’ என்று கேட்கிற பட்டறையில் பிரேக் வேலை கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே மெலிந்த டிஸ்க்கை லேத்தில் கடைந்து சமப்படுத்தலாம். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். கடைந்த பிறகு அதற்குக் கீழே போனால்தான் புதுசு. காலிப்பர் நகர்ந்து போய்வருகிற ஸ்லைடு பின்னைக் கையால் அசைத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போய்வந்தால், பிஸ்டனும் இறுகாமல் உள்ளே போனால், காலிப்பரைத் தொட வேண்டாம். ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ்தான் வைக்க வேண்டும். பேரிங் கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதிப்போய் ஸ்லைடு பின் சிக்கிக்கொள்ளும். சக்கர நட்டை ஏர் கன்னில் ஒரேயடியாக அறையவிடாதீர்கள். எதிரெதிராக, டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து முறுக்குகிற ஸ்பேனர்) முறுக்க வேண்டும்.

இனி உங்களைச் சுற்றி நடப்பதைச் சொல்கிறேன். பட்டறைக்கும் சாமான் கடைக்கும் நடுவில் கமிஷன் ஓடுகிற இடங்கள் நிறைய. தேய்த்துச் சுத்தம் செய்தால் கூலி மட்டும்தான், டிஸ்க் மாற்றினால் கூலியும் உண்டு, கமிஷனும் உண்டு. ‘ஒரிஜினல்’ என்று பெட்டியைக் காட்டுவார்கள், உள்ளே இருப்பது எந்த ஊர் வார்ப்போ! பில் கேளுங்கள். கழற்றிய பழைய சாமானை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் கேட்டாலே பாதிப் பேர் வழிக்கு வந்துவிடுவார்கள்.

எஃப்.சி. (தகுதிச் சான்று) வாங்கிய வண்டிதானே என்று தைரியமாக இருக்காதீர்கள். எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் வருடா வருடம் எஃப்.சி. எடுக்கிறோம். பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கிறார்கள், லோடோடு 60-இல் உதறுகிறதா என்று யார் ஓட்டிப் பார்க்கிறார்கள்? வண்டியை ‘ரெடி’ பண்ணித் தருகிற புரோக்கர் பெயின்ட் அடிப்பார், ரிஃப்ளெக்டர் ஒட்டுவார், சக்கரத்தைக் கழற்ற மாட்டார். இத்தனை வருடமாக இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

வேறொரு கோளாறை மட்டும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். அப்போது வண்டியை அசைக்காமல் கடற்கரைப் பக்கம் நிறுத்தி வைத்திருந்தால், டிஸ்க் முழுக்கத் துரு ஏறும். பேட் அமர்ந்திருந்த இடம் மட்டும் அச்சுக் குத்தினது மாதிரி தனியாகத் தெரியும். தடை முடிந்து எடுத்ததும் சுற்றுக்கு ஒரு தடவை ‘டக், டக்’ என்று பிடிக்கும். இதற்கும் ஹப்புக்கும் சம்பந்தமில்லை. லோடு ஏற்றாமல், ஆளில்லாத ரோட்டில், மிதமாகப் பிரேக் அடித்து அடித்து ஓட்டுங்கள். பெரும்பாலும் உரசிப் போய்விடும். நூறு கிலோமீட்டர் ஓட்டியும் போகவில்லை என்றால் லேத்துக்குக் கொண்டு போங்கள். அடுத்த தடைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது வண்டியை எடுத்து நாலு தெரு சுற்றி, நாலு தடவை பிரேக் அடித்து நிறுத்துங்கள். நிறுத்தும்போது ஹேண்ட்பிரேக் போட வேண்டாம், பின் டிரம்மில் லைனிங் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.