எலுமிச்சை டார்ட்: முந்தைய இரவே செய்து வைக்கலாமா?

அண்ணா நகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "சனிக்கிழமை இரவு எட்டுப் பேரை விருந்துக்கு அழைத்திருக்கிறேன். அவர்களில் இருவர் முட்டை சாப்பிடமாட்டார்கள். வீட்டில் சிறிய ஓடிஜி அடுப்புதான் உள்ளது. சாத்துக்குடிச் சாற்றில் செய்து பார்த்த டார்ட் இறுகவே இல்லை; அடித்தளமும் ஊறிப்போயிற்று. எலுமிச்சையில் எளிதாகச் செய்ய வழி உண்டா? முந்தைய நாளே செய்து வைக்கலாமா?"

முந்தைய நாளே செய்வதுதான் நல்லது. சென்னைச் சமையலறையின் வெப்பத்தில், மைதாவும் வெண்ணெயும் பிசைந்து தேய்க்கும் மாவு கையிலேயே உருகத் தொடங்கிவிடும் என்பதால், அந்த முறையை விட்டுவிட்டு பிஸ்கட் அடித்தளத்தைத் தேர்ந்தெடுங்கள். 200 கிராம் மாரி பிஸ்கட்டை மிக்ஸியில் ரவை பதத்துக்குப் பொடித்து, உருக்கிய வெண்ணெய் 110 கிராம் சேர்த்துப் பிசறுங்கள். மாரியில் கொழுப்பு குறைவு. வெண்ணெயைக் குறைத்தால் வெட்டும்போது உதிரும். கடையில் கிடைக்கும் உப்பு வெண்ணெயே போதும், அந்த இலேசான உப்பு புளிப்புக்கு நன்றாகவே இருக்கும். கலவையை 9 அங்குலத் தட்டில் பரப்பி, தட்டையான டம்ளரின் அடிப்பகுதியால் ஓரங்கள் வரை அழுத்தி, 170 டிகிரியில் பத்து நிமிடம் சுடுங்கள். பிறகு அது முழுவதும் ஆற வேண்டும். சூடான அடித்தளத்தில் பூரணத்தை ஊற்றினால், அது ஈரத்தை உறிஞ்சி ஊறிப்போகும்.

பூரணத்துக்கு 400 கிராம் கண்டென்ஸ்டு மில்க், நீர் வடித்த கட்டித் தயிர் 200 கிராம், எலுமிச்சைச் சாறு 100 மில்லி ஆகியவை போதும். தயிரை மெல்லிய துணியில் கட்டி ஃப்ரிட்ஜுக்குள்ளேயே மூன்று, நான்கு மணி நேரம் வடியவிடுங்கள். வெளியே தொங்கவிட்டால் நம் ஊர் வெயிலில் புளித்துவிடும். இங்கே முட்டையின் வேலையைப் புளிப்பே செய்கிறது: எலுமிச்சையின் அமிலம் பாலிலுள்ள புரதத்தைத் திரட்டுவதால், கலக்கும்போதே கரண்டியில் கனம் கூடுவதை உணர்வீர்கள். சாத்துக்குடியில் அந்த அளவு அமிலம் கிடையாது. உங்கள் டார்ட் இறுகாமல் போனதற்கு முதன்மையான காரணம் அதுவாகவே இருக்க வேண்டும். அமெரிக்காவின் ஃபுளோரிடாத் தீவுகளில் புகழ்பெற்ற 'கீ லைம் பை' என்ற எலுமிச்சை டார்ட்டும் இதே கண்டென்ஸ்டு மில்க்கில்தான் பிறந்தது. அந்தக் காலத்தில் பசும்பால் எளிதில் கிடைக்காத ஊர் அது. அதில் சேரும் பழம் நம் சந்தையில் விற்கும் சிறு எலுமிச்சையின் இனமே என்பதால், வெளிநாட்டுப் பெரிய மஞ்சள் எலுமிச்சையைத் தேடி அலைய வேண்டியதில்லை.

பழுத்து மஞ்சளான, தோல் மெலிந்த பழங்களாக ஐந்தாறு வாங்குங்கள். நறுக்குவதற்கு முன்பே இரண்டு பழங்களின் மேல்தோலை மட்டும் துருவிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பகுதி சேர்ந்தால் கசக்கும். விதையோடு அழுத்திப் பிழிந்தாலும் அப்படியே. சாற்றை வடிகட்டி, அலுமினியப் பாத்திரத்தைத் தவிர்த்து, கண்ணாடி அல்லது எவர்சில்வர் கிண்ணத்தில் கலக்குங்கள்.

ஆறிய அடித்தளத்தில் இதை ஊற்றி, 160 டிகிரியில் பதினைந்து நிமிடம் சுட்டால் போதும். ஓரம் இறுகி, தட்டை அசைக்கும்போது நடுப்பகுதி மட்டும் இலேசாகத் தளும்பினால் இறக்கிவிடுங்கள். மேலே நிறம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். சிறிய ஓடிஜியில் பின்பக்கம் அதிகம் சூடாகக்கூடும் என்பதால், பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வையுங்கள்.

முழுவதும் ஆறிய பின்னரே மூடி, ஃப்ரிட்ஜில் இரவு முழுவதும் வையுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி நீராகி மேலே சொட்டும். பரிமாறப் பத்து நிமிடம் முன்பு எடுத்து, வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். பிரியாணி, குருமா என்று விருந்து கனமாக இருந்தால், எட்டுக்குப் பதில் பத்துத் துண்டாகவே போடலாம்.