பென்டியம் 3 கணினியை மகளின் படிப்புக்குக் கொடுக்கலாமா?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பா கடைக்கணக்கு எழுதிய கணினி வீட்டில் இருக்கிறது. பென்டியம் 3, 866 மெகாஹெர்ட்ஸ், இன்டெல் 815 சிப்செட், 128 எம்பி ராம், 20 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 98. எஸ்.பி. ரோட்டில் 1 ஜிபி ராமும் 500 ஜிபி டிஸ்க்கும் வாங்கிப் போட்டால் மகளின் ஆன்லைன் வகுப்புக்கு உதவுமா? அப்பா தட்டச்சு செய்த தமிழ்க் கடிதங்களும் அதில்தான் இருக்கின்றன."

வகுப்புக்கு உதவாது. ராம் மட்டும் காரணமல்ல. இன்றைய குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டுக்கும் பிராசஸரில் எஸ்எஸ்இ2 என்ற கட்டளைத் தொகுப்பு இருந்தாக வேண்டும். அது 2000 இறுதியில் பென்டியம் 4-உடன்தான் வந்தது. பென்டியம் 3-இல் லினக்ஸே ஏற்றினாலும் இந்த பிரௌசர்கள் ஓடாது.

பிராசஸரை ராமோடும் டிஸ்க்கோடும் இணைக்கும் சிப்தான் சிப்செட்; ராம் விஷயத்தில் 815 சிப்செட்டின் உச்சவரம்பு 512 எம்பி. 1 ஜிபிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

டிஸ்க்கில்தான் உண்மையான ஆபத்து. விண்டோஸ் 98 டிஸ்க்கின் இடங்களுக்கு 28 பிட்டில், அதாவது 28 இரும இலக்கங்களில், எண் போடுகிறது. ஓர் இடத்துக்கு 512 பைட் என்று கணக்கிட்டால் 137 ஜிபியோடு எண்கள் தீர்ந்துவிடும். 500 ஜிபி டிஸ்க்கை மாட்டி முழுவதையும் பயன்படுத்தினால் ஆரம்பத்தில் ஒழுங்காக ஓடும். எழுதுவது 137 ஜிபியைத் தாண்டியதும் எண் சுற்றிக்கொண்டு பூஜ்யத்துக்கு வரும். புது ஃபைல் டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் உட்காரும். எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் அங்கேதான் இருக்கிறது. எச்சரிக்கை எதுவும் வராது.

அதனால் முதலில் கடிதங்களைக் காப்பாற்றுங்கள். அந்தக் கணினியின் யூஎஸ்பி 1.1 நொடிக்கு ஒரு எம்பி அளவுக்குத்தான் அனுப்பும். 20 ஜிபிக்கு ஐந்தாறு மணி நேரம் ஆகும். விண்டோஸ் 98-இல் பென் டிரைவை இயக்க டிரைவர் என்ற தனி மென்பொருளும் தேவை. டிஸ்க்கைக் கழற்றி, எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும் ஐடிஇ-யூஎஸ்பி அடாப்டரால் (ஐடிஇ என்பது அந்தப் பழைய டிஸ்க்கின் இணைப்பு முறை) இன்றைய லேப்டாப்பில் இணைப்பதே நல்லது. தனி மின் இணைப்புள்ள அடாப்டராகக் கேளுங்கள், 3.5 அங்குல டிஸ்க்குக்கு யூஎஸ்பி தரும் மின்சாரம் போதாது. டிஸ்க்கில் உள்ள ஜம்பர் என்ற சிறு செருகி 'மாஸ்டர்' என்ற இடத்தில் இருக்கட்டும்.

கடிதங்களை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் காலத் தமிழ், இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் இல்லை. ஒவ்வொரு ஃபாண்டும் தனக்கென ஒரு முறை வைத்திருந்தது. அந்த ஃபாண்ட் இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். ஆகவே சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் முழுசாக நகலெடுங்கள். எந்த ஃபாண்ட் என்று தெரிந்துவிட்டால் பிறகு நிதானமாக யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இதெல்லாம் முடிந்த பிறகும் கணினியை ஓட்டிப் பார்க்க ஆசையா? தாராளமாக. சுவிட்ச் போடுமுன் பிராசஸரைச் சுற்றியுள்ள கெபாசிட்டர்கள் என்ற சின்ன உருளைகளின் தலை உப்பியிருக்கிறதா பாருங்கள். உப்பியிருந்தால் மாற்றாமல் மின்சாரம் கொடுக்க வேண்டாம். உள்ளே இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள், இல்லையென்றால் தேதி ஒவ்வொரு முறையும் பின்னால் போகும். இந்தக் கணினிக்கான ராம் வகையான பிசி133 எஸ்டிராமில் 256 எம்பி இரண்டு போட்டால் போதும். வாங்கும்போது கீழ்விளிம்பில் இரண்டு வெட்டு இருக்கிறதா பாருங்கள்; ஒரே வெட்டு என்றால் அது டிடிஆர் என்ற பிந்தைய ராம் வகை, இதில் பொருந்தாது. அப்புறம், இணையத்தோடு மட்டும் இணைக்காதீர்கள். விண்டோஸ் 98-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2006-லேயே நின்றுவிட்டது.