முட்டைக்குள் வெளிச்சம் அடிப்பதற்கு முன் அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள்

கேள்வி: வவுனியாவில் அக்கா வளர்க்கும் ஊர்க்கோழிகளின் முட்டைகள் 12ஐ பஸ்ஸில் கொண்டுவந்து, வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டில் சிறிய இன்கியூபேட்டரில் வைத்திருக்கிறேன். காற்றாடி உள்ள மெஷின். இன்று 8ஆம் நாள். டோர்ச் அடித்துப் பார்த்ததில் 5 முட்டைகளில் சிவப்பு நரம்புகள் தெரிகின்றன. 3 முட்டைகள் வெறுமையாக இருக்கின்றன. பழுப்பு ஓடுள்ள 4 முட்டைகளில் ஒன்றுமே விளங்கவில்லை. கூடவந்த தாளில் 60 சதவீத ஈரப்பதன் வேண்டும் என்று இருந்ததால் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். மீட்டர் 68 காட்டுகிறது. தெரியாத முட்டைகளை எறிந்துவிடலாமா?

பதில்: எறியவேண்டாம். அந்த நான்கைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், தண்ணீர்தான் அவசரம். இப்போதே அதைக் கொட்டிவிடுங்கள்.

நம் ஊர்க் காற்று ஏற்கெனவே ஈரமானது. 30 பாகை சூட்டில் 75 சதவீத ஈரப்பதன் உள்ள அறைக் காற்று, மெஷினுக்குள் போய் 37.5 பாகைக்குச் சூடானதும் ஏறக்குறைய 50 சதவீதமாகிவிடும். முதல் 18 நாளைக்கு வேண்டியதும் 45 முதல் 55 வரைதான். ஆக, கடற்கரைக் காற்று வீசும் வெள்ளவத்தையில் பெரும்பாலும் ஒரு சொட்டும் ஊற்றாமலே சரியாக இருக்கும். ஏசி போட்ட அறையென்றால் மட்டும் கணக்கு மாறும். அந்தத் தாளை எழுதியவர் உங்கள் வீட்டு ஜன்னலை நினைத்து எழுதவில்லை.

முட்டை தன் நீரில் கொஞ்சத்தை ஓட்டின் வழியே இழக்கவேண்டும். அப்போதுதான் அகன்ற முனையில் உள்ள காற்றறை பெரிதாகும். குஞ்சு ஓட்டைக் கொத்துவதற்கு முன் முதல் மூச்சை அங்கேதான் எடுக்கிறது. ஈரம் கூடினால் காற்றறை சிறுத்து, முழுதாக வளர்ந்த குஞ்சு உள்ளேயே மூச்சடைத்துச் செத்துப்போகும். முதல் தடவை அடை வைத்தபோது நானும் இப்படித்தான் 20ஆம் நாளில் நல்ல குஞ்சுகளை இழந்தேன். 8ஆம் நாளில் நிறுத்தினால் ஈடுகட்ட இன்னும் 10 நாள் இருக்கிறது, பயப்படாதீர்கள்.

மீட்டரையும் அப்படியே நம்பாதீர்கள். போத்தல் மூடியில் உப்புப் போட்டு, சேறுபோல் நனையும் அளவுக்குச் சில துளி நீர் விடுங்கள். அதையும் மீட்டரையும் ஒரு பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, 8 மணித்தியாலம் வையுங்கள். 75 காட்டவேண்டும். 80 காட்டினால் உங்கள் மீட்டர் 5 கூட்டிச் சொல்கிறது.

சரி, இனி அந்த நான்கு. பழுப்பு ஓடு வெளிச்சத்தை மறைக்கும். இரவில் எல்லா லைட்டையும் அணைத்து, ஒரு காட்போட் துண்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை போட்டு, டோர்ச்சின் மேல் வையுங்கள். முட்டையின் அகன்ற முனையை அந்த ஓட்டையில் அழுத்தி மெல்லச் சுழற்றுங்கள். ஒரு முட்டைக்கு அரை நிமிடம் போதும். அப்படியும் தெரியாவிட்டால் 14ஆம் நாள் பாருங்கள். அன்று உயிருள்ள முட்டை காற்றறை தவிர மற்ற இடமெல்லாம் கறுத்துக் கிடக்கும். நரம்பில்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு தொடக்கத்திலேயே இறந்துவிட்டது. வெறுமையான மூன்றையும் இன்றே எடுத்துவிடலாம். பூச்சாடியில் ஆழமாகப் புதையுங்கள், சமைக்கவேண்டாம். எந்த முட்டையாவது கெட்ட மணம் வீசினாலோ கசிந்தாலோ அந்த நிமிடமே வெளியே போகவேண்டும், வெடித்தால் மெஷின் முழுக்க நாறும்.

பார்க்கும்போதெல்லாம் காற்றறையின் ஓரத்தைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். 18ஆம் நாளில் அது முட்டையில் கால் பங்குக்குச் சற்று மேலே வந்திருக்கவேண்டும்.

அன்றோடு முட்டை திருப்புவதை நிறுத்துங்கள். அப்போதுதான் தண்ணீருக்கு வேலை: ஈரப்பதனை 65 முதல் 70 வரை ஏற்றி மூடுங்கள், அப்புறம் திறக்கவேண்டாம். ஓட்டில் கீறல் விழுந்து குஞ்சு வெளிவர ஒரு நாள்கூட ஆகலாம், நகத்தால் உரித்து உதவப் போகாதீர்கள். கரண்ட் போனால் மூடியைத் திறக்காமல் போர்வையால் சுற்றுங்கள், இரண்டொரு மணித்தியாலம் தாங்கும்.

இன்னொன்று, சேவல்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி அக்காவிடம் இப்போதே பேசி வையுங்கள். பொரிப்பதில் பாதி சேவலாகத்தான் இருக்கும். விடியற்காலை நாலு மணிக்குக் கூவத் தொடங்கினால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள்.