நாய், கிளி, காளை, மயில்: காரைக்குடி வக்கீலின் கேள்வி பதில்

காரைக்குடி கோர்ட்டில் வக்கீலாக இருக்கிறேன். ஆடு மாடு, நாய், பறவை சம்பந்தமான வழக்குகளை விரும்பி எடுத்து நடத்துகிறவன். தொடங்குமுன் ஒன்று: எந்தப் புகாரையும் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுங்கள், புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள்.

கண்டனூர்: வக்கீலண்ணே, எங்கள் ராஜபாளையம் நாய்க்குக் கறியில் விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள். ஸ்டேஷனில் கேட்டால், "நாய்தானே, அம்பது ரூபாய் அபராதம், விடுங்கள்" என்கிறார்கள். அவ்வளவுதானா?

இல்லை தம்பி. அந்த அம்பது ரூபாய் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவில் இருப்பது. முதல் தடவை 10 முதல் 50 ரூபாய் வரை அபராதம். அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தத் தொகை மாறவில்லை என்பது வெட்கக்கேடு. ஆனால் உங்கள் விஷயத்துக்கு வேறு சட்டம் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவின்படி ஒரு விலங்கைக் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனமாக்கினாலோ ஐந்து வருஷம் வரை சிறை. இதற்கு முன்பிருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 428, 429 என்று இரண்டு பிரிவாக, விலங்கின் விலையைப் பார்த்துத் தண்டனை வைத்திருந்தார்கள். 2024 ஜூலை 1 முதல் அந்த விலைக் கணக்கு கிடையாது. போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குற்றம் இது. மனுவில் "325" என்ற எண்ணைக் கட்டாயம் எழுதுங்கள்.

அடுத்தது ஆதாரம். துக்கத்தில் உடனே புதைத்துவிடுகிறார்கள், வழக்கும் அதோடு போய்விடுகிறது. உடலை ஐஸில் வைத்து அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் போஸ்ட்மார்ட்டம் கேளுங்கள். மிச்சம் கிடந்த கறித்துண்டு, வாந்தி இருந்தால் கையுறை போட்டு எடுத்துக் கண்ணாடிப் பாட்டிலில் மூடி வையுங்கள். பக்கத்துக் கடை கேமராப் பதிவு சில நாளில் தானாக அழிந்துவிடும். அன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.

கானாடுகாத்தான்: பக்கத்து வீட்டுக்காரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். வீட்டைப் பூட்டி, பின்கட்டுத் தூணில் ஒரு நாயைக் கட்டிப்போட்டிருக்கிறார்கள். வாட்ச்மேன் ஒரு வேளைதான் வருகிறார். எங்கள் மாடியிலிருந்து பார்த்தால் கழுத்தில் முடியே இல்லை, சங்கிலி அறுத்த புண் தெரிகிறது. தண்ணீர்ச் சட்டி பாசி பிடித்து, எட்டாத தூரத்தில் கிடக்கிறது. அடுத்த வீட்டு விவகாரத்தில் நான் தலையிடலாமா?

தாராளமாகத் தலையிடுங்கள் ஆச்சி. நம் பக்கத்தில் பூட்டிக் கிடக்கிற பெரிய வீடுகள் எத்தனையோ. காவலுக்கென்று நாயை வாங்கிக் கட்டிவிட்டு வீட்டுக்காரர்கள் போய்விடுகிறார்கள். நீங்கள் எழுதியிருப்பதில் மூன்று குற்றம் இருக்கிறது. குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது ஒன்று. எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்க விடாமல் இருப்பது இன்னொன்று. போதிய உணவு, தண்ணீர், நிழல் தராதது மூன்றாவது. எல்லாம் அதே 11-ஆம் பிரிவில் இருக்கின்றன.

இந்த மூன்றுக்கும் போலீஸ் நேரடியாக வழக்குப் போட முடியாது, மாஜிஸ்ட்ரேட் அனுமதி வேண்டும். அதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்புவார்கள். புகாரைப் பதிந்து உங்களை மாஜிஸ்ட்ரேட்டிடம் அனுப்புவது அவர்கள் கடமை. குற்றம் நடந்து மூன்று மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும் என்று 36-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே இன்றைக்கே, தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். முதலில் வீட்டுக்காரருக்கே அந்தப் போட்டோவை அனுப்பிப் பேசுங்கள். பல நேரம் அவர்களுக்கு நிலைமை தெரிந்திருக்காது, ஒரு போனில் முடியும். முடியாவிட்டால் எழுதிக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள்.

தேவகோட்டை: வீட்டில் பச்சைக்கிளி வளர்க்கலாமா?

கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. லவ் பேர்ட்ஸ் வளர்க்கலாம்.

புதுவயல்: பக்கத்து வீட்டு நாய் என் மகனைக் கடித்துவிட்டது. வழக்குப் போடலாமா?

முதலில் காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். அப்படியே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசி இலவசம். வீட்டு நாய்தானே என்று ஒரு ஊசியையும் தவறவிடாதீர்கள். அப்புறம் வழக்கு. நாயை அஜாக்கிரதையாக விட்டவர்மேல் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆஸ்பத்திரிச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

சிறாவயல் பக்கம்: 2023-ல் சுப்ரீம் கோர்ட்டே மஞ்சுவிரட்டு செல்லும் என்று சொல்லிவிட்டது. பிறகும் பொட்டலில் கட்டுமாடு (தொழுவுக்குக் கொண்டுபோகாமல் வெளியிலேயே அவிழ்த்துவிடும் மாடு) அவிழ்த்ததற்கு ஏன் கேஸ்?

நல்ல கேள்வி. 2014 மே 7-ஆம் தேதி நாகராஜா வழக்கில் சுப்ரீம் கோர்ட் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டது. 2017 ஜனவரியில் நம் சட்டமன்றம் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது. ஜல்லிக்கட்டு என்ற பெயரில் மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா எல்லாம் அதில் அடக்கம். 2023 மே 18-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் அந்தத் திருத்தம் செல்லும் என்றார்கள். ஆனால் தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். விதிகளோடு சேர்த்துத்தான் செல்லும் என்றார்கள், விதிகளைக் கண்டிப்பாக நிறைவேற்றும் பொறுப்பைக் கலெக்டர் தலையில் வைத்தார்கள். கலெக்டர் அனுமதி, டாக்டர் சோதனை, இரட்டைத் தடுப்பு எல்லாம் தொழுவில் விடுகிற மாட்டுக்கு உண்டு. பொட்டலில் கண்ட இடத்தில் அவிழ்க்கிற மாட்டுக்கு எதுவும் இல்லை. சட்டம் கொடுத்த பாதுகாப்பு அங்கே உங்களுக்குக் கிடைக்காது.

அதே நண்பர்: கட்டுமாடு இல்லாமல் என்ன மஞ்சுவிரட்டு? எங்கள் தாத்தா காலத்தில் தொழுவா இருந்தது? தைப் பொங்கலுக்கு மாடு ஓடாவிட்டால் ஊருக்கே கௌரவம் இல்லை.

பள்ளத்தூர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மிரண்டு ஓடுகிற மாட்டைப் பார்த்தவர்கள் இதை வீரம் என்று சொல்ல மாட்டார்கள். அனுமதியோடு வதைத்தாலும் வதைதானே?

அதே நண்பர்: மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊறவைத்து, பிள்ளை மாதிரி வளர்க்கிறவன் நான். ஐயா ஒரு மாடு வளர்த்திருக்கிறாரா?

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். பள்ளத்தூர் ஐயா சொன்னதைத்தான் 2014 தீர்ப்பும் சொன்னது. மாட்டின் பயமும் வலியும் அதில் விரிவாகப் பேசப்பட்டன. அதை நான் மதிக்கிறேன். ஆனால் இன்றைய சட்டம் 2023 தீர்ப்புதான், அதன்படிதான் பேச முடியும்.

தம்பி, உங்கள் பாசத்தில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பாசம் இருக்கிறவர்தான் விதிக்கு முன்னால் நிற்க வேண்டும். கண்ணில் மிளகாய்ப்பொடி, வாயில் சாராயம், வாலைத் திருகுவது எல்லாம் மாட்டைத் தொழுவுக்குக் கொண்டுவந்தால் டாக்டர் கண்ணில் படும். பொட்டலில் யார் பார்ப்பது? கூட்டத்துக்குள் மாடு பாய்ந்தால், வேடிக்கை பார்க்க வந்தவன் குடல் சரிந்து விழுந்தால், யார் பொறுப்பு? அங்கே செத்தவர்கள் பலர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். நாளைக்கு இந்தத் திருத்தத்துக்கு எதிராக யாராவது மறுபடி கோர்ட்டுக்குப் போனால், அவர்கள் கையில் முதலில் இருக்கப்போவது கட்டுமாடு வீடியோதான். மஞ்சுவிரட்டு நிலைக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இதை யோசியுங்கள்.

அதே நண்பர்: அப்படியானால் கோயில் கிடா வெட்டையும் நிறுத்தச் சொல்வீர்களா?

மாட்டேன். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 28-ஆம் பிரிவு, ஒரு சமூகத்தின் மத வழக்கப்படி வெட்டுவதைக் குற்றமில்லை என்கிறது. நம் மாநிலத்தில் 1950-ஆம் ஆண்டுத் தடைச் சட்டம் ஒன்று இருந்தது. 2003-ல் அதைத் தூசி தட்டி எடுத்தார்கள், 2004-ல் ரத்தும் செய்துவிட்டார்கள். மஞ்சுவிரட்டுப் பேச்சு இத்தோடு போதும், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

திருப்பத்தூர்: பஸ் ஸ்டாண்டு தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறேன். கடைக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள்.

இடத்தை மாற்றுங்கள் அம்மா. 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், உணவு வைக்க ஒதுக்கிய இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாயைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றும் சொன்னது. வெறிநோய் உள்ளதும் மூர்க்கமானதும் அதில் சேராது. ஆனால் நவம்பர் 7-ஆம் தேதி உத்தரவில் பள்ளி, ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து பிடித்ததைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்றார்கள். இடம் ஒதுக்கச் சொல்லி நகராட்சிக்கு மனு கொடுங்கள். எழுத்தில்.

கோட்டையூர்: கூண்டுக்கிளி பத்து வருஷமாக இருக்கிறது. இப்போதும் தப்பா?

தப்புதான். தேவகோட்டைக்கு எழுதியதைப் பாருங்கள். பத்து வருஷம் கூண்டில் இருந்ததைத் திறந்து பறக்கவும் விடாதீர்கள், காக்காய் கொத்திவிடும். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

குன்றக்குடி: எங்கள் கோயில் யானை சுப்புலட்சுமி 2024 செப்டம்பரில் கொட்டகைத் தீயில் இறந்துபோனது. புது யானை வருமா?

வருவது கடினம். கோயில்களோ தனியாரோ இனி யானை வாங்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2023-ல் மதுரைக் கிளை அரசுக்கு உத்தரவிட்டது. அந்த யானையிடம் ஆசி வாங்கின ஊர்தான் நாம் எல்லோரும். எனக்கும் மனசு ஆறவில்லை. இருந்தாலும் அந்த உத்தரவு சரி என்றே நினைக்கிறேன்.

நாச்சியாபுரம்: ஆடு பக்கத்து வயலில் மேய்ந்ததற்கு வேலியைத் தள்ளிப் போட்டுவிட்டார்.

இது எல்லைத் தகராறு. சர்வேயரைப் பாருங்கள்.

கீழச்சிவல்பட்டி: சித்தப்பா, பச்சைக்கிளி...

இல்லை.

சாக்கோட்டை: மயில் நிலக்கடலையை அழிக்கிறது. மருந்து வைத்தால் என்ன ஆகும்?

மயில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மூன்று முதல் ஏழு வருஷம் சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். அந்த மருந்தைத் தின்று நாயும் கோழியும் சாகும். உங்கள் நஷ்டம் நிஜம், அதை நான் மறுக்கவில்லை. எத்தனை சென்ட் அழிந்தது என்று போட்டோவோடு வனச்சரக அலுவலகத்துக்கு எழுதிக் கொடுங்கள், வி.ஏ.ஓ.வுக்கு ஒரு நகல். இரண்டுக்கும் ரசீது வாங்குங்கள்.