தாழ்வான காருக்கு ஜாக்கி போடுவது: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் அனுப்பும் கேள்விகளில் பாதி ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: வண்டி இவ்வளவு தாழ்வாக இருக்கிறதே, அடியில் எதை, எங்கே, எப்படி நுழைப்பது? சேர்ந்துபோன கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நான் சொல்வதும் உங்கள் காரின் மேனுவல் சொல்வதும் வேறுபட்டால் மேனுவலைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: என் டிராலி ஜாக்கி (சக்கரம் வைத்தது, கைப்பிடியை அடித்துத் தூக்குவது) முன் பம்பருக்கு அடியில் நுழையவே இல்லை. வேறு வாங்க வேண்டுமா?

முதலில் தரையில் படுத்து ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். பம்பர் நுனியை மட்டும் அளந்தால் போதாது, அங்கிருந்து ஜாக்கி போய் நிற்க வேண்டிய இடம் வரை எங்கே மிகத் தாழ்வோ அதுதான் கணக்கு. சாதாரண டிராலி ஜாக்கியை முழுக்க இறக்கினாலும் அதன் தலை சுமார் 130 மி.மீ. உயரத்தில் இருக்கும். லோ புரொஃபைல் வகை 75, 80 மி.மீ. வரை இறங்கும். உங்கள் வண்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து 100, 120 மி.மீ. உயரம்தான் என்றால் பழைய ஜாக்கி நுழையாததில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் தலை நுழைந்தாலும் கைப்பிடி பம்பரில் இடிக்கும். நடுவில் இருக்கிற கிராஸ் மெம்பர் (வண்டிக்குக் குறுக்கே போகும் சட்டம்) வரை ஜாக்கியைத் தள்ளிவிட்டால் கைப்பிடியை ஒரு சாண்கூடத் தூக்கி அடிக்க முடியாது, முதல் பத்துப் பதினைந்து அடியும் குட்டி குட்டியாகத்தான் அடிக்க வேண்டியிருக்கும், பொறுமை இழந்து இழுத்தால் பம்பர் விரிசல் விடும். அதனால் நான் எப்போதும் பலகையில் ஏற்றித்தான் ஆரம்பிப்பேன். 40 மி.மீ. கனமும் டயரைவிட அதிக அகலமும் உள்ள இரண்டு மரப் பலகைகள், ஏறும் பக்கம் சாய்வாக இழைத்தது, அவ்வளவுதான். முன் டயர்களுக்கு முன்னால் வைத்து வண்டியை மெதுவாக ஏற்றி நிறுத்துங்கள். இன்னும் உயரம் வேண்டும் என்றால் மேலே சற்றுக் குட்டையான இன்னொரு பலகையைத் திருகு போட்டு இறுக்கிப் படி மாதிரி செய்துகொள்ளலாம். சும்மா அடுக்கி வைத்தால் டயர் ஏறும்போது மேல் பலகை நழுவிப் பறக்கும்.

கேள்வி: கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கும் இழுத்துவிட்டேன். டயருக்குக் கட்டையும் வேண்டுமா?

வேண்டும். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் தரையில் இருக்கிற முன் சக்கரங்களை அது பிடித்துக்கொண்டிருக்காது. கியரை நம்பவும் முடியாது: எஞ்சின் ஓட்டும் இரண்டு சக்கரங்களில் ஒன்று தரையை விட்டு எழுந்துவிட்டால், சாதாரண டிஃபரென்ஷியல் (இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி) உள்ள வண்டியில் அந்தரத்தில் இருப்பது ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருப்பது எதிர்ப்பக்கம் தாராளமாக உருளும், கியர் போட்டது போட்டபடியே இருக்கும். தரையில் நிற்கிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள்.

கேள்வி: தூக்கத் தூக்க ஜாக்கியின் தலை வைத்த இடத்திலிருந்து விலகிப் போகிறது. ஜாக்கி கோளாறா?

இல்லை. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். டிராலி ஜாக்கியின் கை ஒரு அச்சில் சுழன்றுதான் எழுகிறது, அதனால் தலை நேராக மேலே போவதில்லை, வில் மாதிரி வளைந்து கைப்பிடிப் பக்கம் வரும். வண்டிக்குக் கட்டை கொடுத்திருப்பதால் அது நகராது. அப்போது ஜாக்கிதான் தன் சக்கரங்களில் உருண்டு வண்டிக்கு அடியில் போக வேண்டும். அதற்காகத்தான் அதற்குச் சக்கரமே வைத்திருக்கிறார்கள்.

எனக்கு ஒரு முறை நடந்தது. சிமென்ட் தரைதான், பெருக்கித்தான் வைத்திருந்தேன், ஆனாலும் ஜாக்கியின் முன் சக்கரத்துக்குக் குறுக்கே ஒரு சின்ன வாஷர் கிடந்திருக்கிறது. நான்கு அடி அடித்ததும் ஜாக்கி உருளாமல் நின்றுவிட்டது, தலை மட்டும் பின்னால் வந்துகொண்டிருந்தது. தலைமேல் இருந்த ரப்பர் ஒரு பக்கமாகப் பிதுங்கி ஓரம் வெளிறியதைப் பார்த்ததும் கையை எடுத்தேன். இன்னும் இரண்டு அடி அடித்திருந்தால் வண்டி விழுந்திருக்கும். அன்றிலிருந்து மூன்று அடிக்கு ஒரு முறை குனிந்து, ஜாக்கி உருண்டிருக்கிறதா, ரப்பர் நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் நான் மேலே போவதில்லை. மண், சரளை, தரையில் விரிசல் என்றால் ஜாக்கி முழுதும் உருள இடம் இருக்கிற மாதிரி 18 மி.மீ. பிளைவுட் ஒன்றை அடியில் போடுங்கள். வெயிலில் இளகிய தார்த் தரையில், தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கிற ஸ்டாண்டின் கால்கூட மெல்லப் புதையும், அதற்கும் பிளைவுட்தான். சரிவான இடத்தில் தூக்கவே வேண்டாம்.

கேள்வி: ஜாக்கி பாயின்டில் (ஜாக்கி வைக்க மேனுவல் காட்டும் இடத்தில்) ஜாக்கியே நின்றால் ஸ்டாண்டை எங்கே வைப்பது?

நியாயமான கேள்வி, தாழ்வான வண்டிக்காரர்கள் எல்லோரும் இதில் மாட்டுவார்கள். முதல் வழி, நடுவில் தூக்கி ஓரத்தில் தாங்குவது. முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டாவில் முன்னால் கிராஸ் மெம்பரிலும் பின்னால் டிஃபரென்ஷியலிலும் ஜாக்கி கொடுக்கலாம், பக்கவாட்டுப் பாயின்ட்கள் இரண்டும் ஸ்டாண்டுக்குக் காலியாகக் கிடைக்கும். ஆனால் எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. சில வண்டிகளில் நடுவில் கனமாகத் தெரிவது வெறும் பிளாஸ்டிக் தட்டாக இருக்கும், இல்லையென்றால் எஞ்சின் ஆயில் நிற்கும் தொட்டியான ஆயில் சம்ப்பாக இருக்கும்.

இரண்டாவது வழி, பின் பாயின்டில் தூக்குவது. போர்ஷே 911 மாதிரி உடல் இறுக்கமாகவும் எடை பின்னாலும் உள்ள வண்டிகளில் பின் பாயின்டில் தூக்கினால் அதே பக்கத்து முன் சக்கரமும் சேர்ந்து எழும், முன் பாயின்டில் ஸ்டாண்டை வைத்துவிடலாம். கார்வெட்டில் அடிச் சட்டத்தில் நீள்வட்டத் துளைகள் இருக்கும். அதற்கென்றே விற்கும் வட்டுகளைத் துளைக்குள் செருகித் திருப்பிவிட்டால் ஜாக்கி அந்த வட்டில்தான் படும், பக்கத்தில் இருக்கிற ஃபைபர் பாகங்களில் படாது.

ஓரத்தில் தகடு மடிப்பு உள்ள வண்டி என்றால், நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் வட்டு இல்லாமல் ஜாக்கியை அதில் வைக்காதீர்கள். மடிப்பு ஒரு தடவை மடங்கினால் மறுபடி நேராக நிற்காது.

கேள்வி: ஹாலோ பிளாக் மேல் வைத்தால் தாங்காதா?

கூடாது. கான்கிரீட்டும் செங்கல்லும் வளையாது, முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கிவிடும். ஸ்டாண்ட் இல்லையென்றால் அன்றைக்கு அடியில் போகும் வேலையைத் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: நான்கு சக்கரமும் மேலே வேண்டும். எந்த வரிசையில் தூக்குவது?

வரிசையைவிட, ஒரே மூச்சில் ஒரு மூலையை உயரமாகத் தூக்காமல் இருப்பதுதான் முக்கியம். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று ஸ்டாண்டின் உயரத்தை ஒவ்வொரு பல்லாக ஏற்றுங்கள். முதல் சுற்றில் தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை இருக்கும், இரண்டாவது சுற்றில் இருக்காது, அந்த நேரத்தில்தான் ஸ்டாண்ட் சாய்கிறதா என்று ஒவ்வொன்றையும் போய்ப் பார்க்க வேண்டும். கூரை திறக்கும் வண்டி என்றால் கதவுகளை மூடிவிட்டுத் தூக்குங்கள். உடல் லேசாக முறுக்கினாலும் திறந்து வைத்த கதவு பிறகு மூடாது. வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிடுங்கள், மேலே போன பிறகு ஸ்பானரைப் பிடித்து இழுக்காதீர்கள். ஸ்டாண்டில் இறக்கியதும் இடுப்பால் வண்டியை நன்றாக ஒரு தள்ளு தள்ளிப் பாருங்கள். அசைந்து எதாவது கீழே வருவதாக இருந்தால் நீங்கள் வெளியே நிற்கும்போதே வரட்டும். அப்புறம் கழற்றிய சக்கரத்தைக் கதவுக்கு அடியில் படுக்கப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

கேள்வி: ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி. ஏதாவது தனியாகச் செய்ய வேண்டுமா?

ஆம், பெரும்பாலும் ஜாக்கி மோடு இருக்கும், அதைப் போட்டுவிட்டுத் தூக்குங்கள். இல்லையென்றால் உயரம் மாறிவிட்டது என்று நினைத்து வண்டி தானாகவே சரிசெய்யப் பார்க்கும்.

கேள்வி: வேலை முடிந்து இறக்கிவிட்டேன், இப்போது ஜாக்கி வெளியே வரவில்லை. என்ன செய்வது?

மேலே இருக்கும்போது பலகைகளை எடுத்து ஓரமாக வைத்திருப்பீர்கள், சரிதானே? பலகை தந்த உயரம் போய்விட்டதால் ஜாக்கி சிக்கிக்கொண்டது. இழுக்காதீர்கள், அடித்தட்டு கிழியும். அதே ஜாக்கியால் மறுபடி டயருக்கு அடியில் பலகை நுழையும் வரை தூக்கி, இரண்டு பலகைகளையும் பக்கவாட்டிலிருந்து டயருக்கு நேர் அடியில் தள்ளி, கையைக் காலை வெளியே வைத்துக்கொண்டு ஜாக்கியின் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாகத் திறந்து இறக்குங்கள். ஜாக்கியை வெளியே எடுத்த பிறகு, கட்டைகளை அகற்றி வண்டியை ஓட்டிப் பலகையிலிருந்து இறக்கிக்கொள்ளலாம்.